ஹேவ்லாக் ரிசார்ட் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்: ரோஜா இதழ் வேணாம், லைட்ட அணைங்க

ஹேவ்லாக் தீவுல ரிசார்ட் வச்சிருக்கிற ஓனர்களுக்கும், அத நடத்துற மேனேஜர்களுக்கும் வணக்கம்.

2018 டிசம்பர்ல இருந்து கவர்மென்ட் பேப்பர்ல உங்க தீவு ஸ்வராஜ் த்வீப், 2024ல போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜய புரம் ஆயிடுச்சு. ஆனா ஃபெர்ரி ஏத்தி விடுற பையன்ல இருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் பழைய பேர்தான் சொல்றாங்க, அதனால நானும் பழைய பேரையே எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

நாங்க இந்த சீசன்ல கல்யாணம் முடிஞ்ச கையோட உங்க தீவுக்கு வந்துட்டுப் போன ஜோடி. எந்த ரிசார்ட்னு சொல்லப் போறதில்ல. ஏன்னா இது ஒருத்தர் மேல சொல்ற கம்ப்ளைன்ட் இல்ல. நாங்க தங்குன இடம் நல்ல இடம்தான், மூங்கிலும் ஓலையும் வச்சு கட்டின காட்டேஜ், வாசல்ல பெரிய பெரிய மரம், சாப்பாடு அருமை, ஆளுங்க தங்கம். புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு டஜன் ரிசார்ட்டோட பேக்கேஜ வரி வரியா படிச்சுப் பாத்துட்டுதான் வந்தோம், எல்லாருமே ஒரே மாதிரிதான் விக்கிறீங்க. அதனாலதான் எல்லாருக்கும் சேத்து எழுதுறேன்.

நீங்க ஹனிமூன் பேக்கேஜ்னு விக்கிற சாமான் என்னென்னன்னு உங்களுக்கே தெரியும். கட்டில் மேல ரோஜா இதழ்ல ஹார்ட்டு, டவல்ல ரெண்டு அன்னம், பலூன், ஒரு கேக், பாத்டப்ல பூ, பீச்ல கேண்டில் லைட் டின்னர், அதுக்கு சுத்தி சீரியல் லைட்டு, தெர்மாகோல்ல எங்க ரெண்டு பேரோட இனிஷியல், எக்ஸ்ட்ரா காசு குடுத்தா ட்ரோன் ஷூட். இதுல ஒண்ணாவது அந்தமான்ல இருந்து வந்ததா? ரோஜா எங்கருந்து வருதுன்னு கேட்டேன், கொல்கத்தால இருந்து ஃப்ளைட்ல வருதுன்னாங்க. ஃப்ளைட்ல வந்து, அப்புறம் ஃபெர்ரில வந்து, ஒரு ராத்திரி கட்டில்ல கிடந்துட்டு காலைல குப்பைக்குப் போகுது. இதே டெக்கரேஷன ஏற்காட்டுலயும் பண்றாங்க கொடைக்கானல்லயும் பண்றாங்க, அதுக்கு எதுக்குங்க நாங்க வங்கக்கடல தாண்டி வரணும்?

நாங்க வந்தது உங்க கடலுக்கு. அத ஒழுங்கா காட்டுங்க, அதப் பத்தின உண்மையச் சொல்லுங்க, அத கெடுக்கிற எதையும் எங்களுக்கு விக்காதீங்க. நான் சொல்ல வந்தது இவ்ளோதான், மீதி எல்லாம் இதுக்கு விளக்கம்.

மொதல்ல லைட்டு. ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு பீச்சுக்குப் போனா ஃப்ளட் லைட்டு, தென்னை மரத்துக்கெல்லாம் சுருட்டி விட்ட பச்சை நீலம் எல்இடி, கல்யாண மண்டபத்துல இருந்து தப்பிச்சு வந்த எங்களுக்கு மறுபடி மண்டபத்துக்கே வந்த மாதிரி ஆயிடுச்சு. அப்ப கிச்சன்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர், நாங்க தமிழ்ல பேசுறத கேட்டுட்டு பக்கத்துல வந்து, அக்கா இங்க நின்னா ஒண்ணும் தெரியாது, கொஞ்ச தூரம் அந்தப் பக்கம் இருட்டா இருக்கிற இடத்துக்கு அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, நான் டூட்டி முடிச்சுட்டு காட்டுறேன்னு சொன்னாரு. போனோம். நிலா இல்லாத ராத்திரி. முட்டி அளவு தண்ணில கால வச்சு லேசா அசைச்சா காலச் சுத்தி நீலமா பொறி பொறியா பறக்குது! கைய விட்டா விரல் இடுக்குல எல்லாம் ஒளி. எங்க வீட்டுக்காரர் சின்னப் பையன் மாதிரி தண்ணிய அடிச்சுக்கிட்டே இருந்தாரு. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிங்க, தண்ணி அசையும்போது ஒளி விடுது. சென்னைல 2019 ஆகஸ்ட்ல திருவான்மியூர் பக்கம் அலை நீலமா மின்னுச்சுன்னு ராத்திரியோட ராத்திரியா ஊரே திரண்டு போச்சே, அந்த ஜாதிதான், கடலுக்குக் கடல் வகை மாறும். அத பாக்க நாங்க ஒரு பைசா குடுக்கல. உங்க பேக்கேஜ்ல அதப் பத்தி ஒரு வரி இல்ல. உங்க லைட்டு எரியற இடத்துல நின்னா அது இருக்கிறதே தெரியாது, அதான் கொடுமை.

நம்ம வேடிக்கை பாக்குறதுக்காக மட்டும் இத சொல்லல. அந்தமான் கரைங்கள்ல நாலு வகை ஆமை முட்டை வைக்க வருது, பங்குனி ஆமை, பச்சை ஆமை, அழுங்காமை, அப்புறம் இருக்கிறதுலயே பெருசான தோணி ஆமை. நீங்க ரூம் ரேட்ட ஏத்துற அதே டிசம்பர்ல இருந்து பிப்ரவரி மாசம்தான் அதுங்களுக்கும் முக்கியமான சீசன். முட்டைய விட்டு வெளிய வர்ற குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம் போகும், இயற்கையா இருட்டுக் கரைல அது கடல் பக்கமாத்தான் இருக்கும், வானத்து வெளிச்சம் தண்ணில பட்டு. நீங்க தென்னை மரத்துல லைட்டச் சுத்தி விட்டா அது உங்க ரெஸ்டாரன்ட்ட நோக்கி நடக்கும், நாயும் நண்டும் தின்னது போக மீதி காலைல வெயில்ல காயும். முட்டை போட கரையேற வர்ற தாய் ஆமையும் வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் பாத்தா திரும்பிப் போயிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, சென்னைல பெசன்ட் நகர்ல இருந்து நீலாங்கரை வரைக்கும் ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்குன்னு பசங்க 1988ல இருந்து ராத்திரி ராத்திரியா நடந்து முட்டை எடுத்து பாதுகாக்குறாங்க, காலேஜ் படிக்கும்போது நானும் கூட நடந்திருக்கேன். எங்க ஊர் கரைக்கு இனி லைட்ட அணைக்கச் சொல்றது எவ்ளோ கஷ்டம்னு பாத்தாச்சு, ஒரு மாநகரமே பின்னாடி நிக்குது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லையே. ஸ்விட்ச் உங்க கைல இருக்கு. நடைபாதைக்கு முட்டிக்குக் கீழ மங்கலான மஞ்சளோ சிவப்போ போதும், கடல் பக்கம் மறைப்பு வச்சு. பத்து மணிக்கு மேல அதுவும் வேணாம்.

கேண்டில் லைட் டின்னர்னு பேர் வச்சுட்டு கேண்டிலத் தவிர எல்லா லைட்டையும் போட்டா எப்படிங்க?

அடுத்து கடல் உள்வாங்கறது. இத படிக்கிற மேனேஜர் யாராவது சிரிப்பீங்கன்னு தெரியும், ஏன்னா காலைல ரிசப்ஷன்ல ஒரு புது மாப்பிள்ள, பீச் ஃப்ரன்ட் காட்டேஜ்னு சொல்லி காசு வாங்கினீங்க, இப்ப வாசல்ல கடலையே காணோம்னு சண்டை போட்டுட்டு இருந்தாரு. விஜய்நகர், கோவிந்த்நகர் பக்கம் எல்லாம், அதாவது அஞ்சாம் நம்பர் மூணாம் நம்பர் பீச், கிழக்குக் கரை ரொம்ப ஆழமில்லாதது, வத்தம் வந்தா தண்ணி எங்கயோ போயிடும், பாறையும் பாசியும் குட்டையுமா கிடக்கும். உங்க ஆளு அவர்கிட்ட சாரி சார், சாயந்திரம் வந்துடும் சார்னு மன்னிப்பு கேட்டாரு. எதுக்கு மன்னிப்பு? அந்த நேரத்துல அங்க நடக்கிறதுதான் ஹேவ்லாக்லயே பெரிய ஷோ. அதே கிச்சன் தம்பி லீவு நேரத்துல எங்களக் கூட்டிட்டுப் போனாரு. அவங்க அப்பா காலத்துல ராமநாதபுரம் பக்கத்துல இருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம், இவரு பொறந்ததே போர்ட் பிளேர்ல, தமிழ் இந்தி பெங்காலி மூணும் தண்ணியா ஓடுது. ஒரு குட்டைல கருப்பா உருண்டையா கிடந்தத காட்டி, அக்கா இது கடல் அட்டை, எங்க தாத்தா ஊர்ல இத பிடிச்சு அவிச்சு காயப்போட்டு விப்பாங்களாம், 2001ல இருந்து தடை, இப்ப பிடிச்சா உள்ள போகணும்னாரு. மணல தின்னுட்டு அதுல இருக்கிற அழுக்க மட்டும் எடுத்துக்கிட்டு சுத்தமான மணலா வெளிய விடுற ஜீவன் அது, உங்க ஹவுஸ் கீப்பிங்க விட நல்லா வேலை பாக்குது. அப்புறம் நீளக் கையோட பாம்பு மாதிரி நெளியிற நட்சத்திர மீனு, சங்கு வீட்ட முதுகுல தூக்கிட்டு ஓடுற துறவி நண்டு, நீலமும் பச்சையுமா உதட்ட விரிச்சு உக்காந்திருக்கிற ராட்சத சிப்பியோட குட்டி, நிழல் பட்டா சட்டுன்னு மூடிக்குது. எங்க கால் வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கிட்டே வந்தாரு. வெறும் மணல்ல மட்டும்தான் மிதிக்கணும், கல்ல புரட்டினா திரும்ப அதே மாதிரி வைக்கணும், எதையும் கைல எடுக்கக் கூடாது.

ஒரு மணி நேரம். எங்க ஹனிமூன்ல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, பூ கட்டில் எல்லாம் பக்கத்துலயே வர முடியாது. அந்தத் தம்பிக்கு நாங்க கைல குடுத்தத முதல்ல வாங்கவே மாட்டேன்னாரு. நீங்க என்ன பண்ணணும்னா அவர கிச்சன்ல இருந்து எடுத்து அதுக்குன்னே வேலை குடுத்து, சம்பளத்த ஏத்தி, வத்தம் எந்த நேரம்னு தினமும் ரிசப்ஷன் போர்டுல எழுதிப் போடணும். வத்தம் ஏத்தம் நேரம் போட்ட டேபிள் எல்லாம் கைல இருக்கு, ஃபெர்ரிக்காரங்களும் டைவ் ஷாப்காரங்களும் அத பாத்துதானே ஓட்டுறாங்க.

கடல் புல்லப் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். வாசல் தண்ணி கண்ணாடி மாதிரி நீலமா தெரியணும்னு சில பேர் கரையோரப் புல்ல எல்லாம் பிடுங்கற பழக்கம் மாலத்தீவுல இருந்துச்சு. 2019ல அங்கயே அதுக்கு எதிரா ஒரு இயக்கம் நடந்து பல ரிசார்ட்டுங்க தங்கள் வாசல் புல்ல இனி தொட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. உங்க தீவுக்கு மாநில விலங்கே கடல் பசு, அது புல்லு தின்னுதான் உயிர் வாழுது. கெஸ்ட் யாராவது தண்ணில புல்லு கால்ல படுதுன்னு முகம் சுளிச்சா, அந்தப் புல்லு யாரோட சாப்பாடுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.

சரி, பவளத்துக்கு வர்றேன். இங்கதான் எனக்கு கோவமும் ஜாஸ்தி.

எலிஃபன்ட் பீச்சுக்கு எங்கள போட்ல அனுப்புனீங்க. கரையோரம் சாஞ்சு கிடக்குற அந்தப் பெரிய பெரிய மரத்தையெல்லாம் பாக்கவே நல்லா இருந்துச்சு. இறங்குனா ஒரு பக்கம் ஜெட் ஸ்கி, ஒரு பக்கம் பனானா போட், இன்னொரு பக்கம் தலைல கண்ணாடி டப்பா மாட்டி கடல் தரைல நடக்க விடுறாங்க, ஸ்நார்கெல் பண்ணக் கூட்டிட்டுப் போனவரு ஒரு பாக்கெட் பிரெட்ட பிச்சுப் போட்டாரு, மீனு மொய்க்குது, போட்டோ எடுத்தாச்சு, ஓவர். என் பக்கத்துல ஒரு ஜோடி மூச்சு வாங்கிட்டு பவளத்து மேலயே ஏறி நின்னுட்டாங்க. அவங்களத் திட்டி என்ன பிரயோஜனம், அது கல்லுன்னுதானே நினைச்சாங்க, உசுரு இருக்குன்னு யாரும் சொல்லலையே. பாறை மாதிரி உருண்டையா வளர்ற பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயரத்த தாண்டி நிக்கிற ஒரு பவளம்னா கணக்கு போட்டுப் பாருங்க, 1858ல வெள்ளைக்காரன் போர்ட் பிளேருக்கு கைதிங்கள கப்பல்ல கொண்டு வந்து இறக்குறதுக்கு முன்னாடியே அது இங்க இருந்திருக்கும். கிளை கிளையா இருக்கிற மான் கொம்பு பவளம் சீக்கிரம் வளரும்தான், ஆனா கால்ல மாட்டுற நீச்சல் துடுப்பு ஒரு அடி பட்டா படபடன்னு ஒடிஞ்சிடும்.

அதுங்க ஏற்கனவே அடிபட்டு கிடக்குதுங்க. 2010ல கடல் சூடாகி அந்தமான் முழுக்க பவளம் வெளுத்துச்சு, 2016ல மறுபடியும், 2024ல உலகம் பூரா நாலாவது தடவையா பெரிய அளவுல வெளுக்குதுன்னு விஞ்ஞானிங்க அறிவிச்சாங்க. வெளுக்கறதுன்னா, பவளத்தோட உடம்புக்குள்ள குடியிருந்து அதுக்கு சோறு போடுற பாசி, சூடு தாங்காம வெளிய போயிடும், கலர் குடுக்கறதும் அந்தப் பாசிதான், அதனால வெறும் எலும்பு தெரியும். வழக்கமான கோடைய விட 1 டிகிரி கூடி சில வாரம் நீடிச்சாலே போதும். கடல் குளிர்ந்தா பொழைச்சுக்கும், இல்லன்னா செத்துடும். சூட்ட நீங்களும் நானும் ஹேவ்லாக்ல உக்காந்து குறைக்க முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா நோயாளிய மிதிக்காம இருக்கலாம்ல? சன் ஸ்கிரீன்ல சில ரசாயனம் பவளத்துக்கு ஆகாதுன்னு பலாவ்ங்கிற தீவு நாடு 2020லயும் ஹவாய் 2021லயும் விக்கிறதையே தடை பண்ணிட்டாங்க. சூட்டோட ஒப்பிட்டா அது சின்ன விஷயம்தான்னு எனக்குத் தோணுது, ஆனாலும் ரூம்ல ஷாம்பு வைக்கிற இடத்துல ஒரு முழுக்கை நீச்சல் சட்டை வாடகைக்கு வச்சா பிரச்சனையே தீந்துச்சு, வெயிலும் படாது. பிரெட் போடறத இன்னைக்கே நிறுத்தலாம். போட்ல ஏறுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், நிக்காத, தொடாத, எடுக்காத, மூச்சு வாங்கினா மல்லாக்க மிதக்கணும்னு தமிழ்லயும் இந்திலயும் பெங்காலிலயும் சொல்ல ஒரு ஆள் வேணும்.

இது நடக்காத காரியம்னு சொல்லாதீங்க, பக்கத்துலயே நடக்குது. போர்ட் பிளேர் பக்கம் வண்டூர்ல 1983ல இருந்து இருக்கிற மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கால ஜாலி பாய் தீவுக்குப் போக ஜெட்டில பைய திறந்து பாக்குறாங்க, பிளாஸ்டிக் இருந்தா வெளிய, தண்ணி பாட்டிலுக்கு டெபாசிட் கட்டி எண்ணி திருப்பிக் குடுக்கணும். ஜாலி பாய் தீவும் ரெட் ஸ்கின் தீவும் ரெண்டும் ஒரே நேரத்துல திறக்க மாட்டாங்க, ஒண்ணுக்கு ஓய்வு குடுத்து ஒண்ணு. ஜனங்க முணுமுணுத்துக்கிட்டே கேக்குறாங்க, கேட்டுட்டுத்தான் போறாங்க. கவர்மென்ட்டால முடியறது, ஒரு ராத்திரிக்கு எங்ககிட்ட ஒரு மாச வாடகை வாங்குற உங்களால முடியாதா?

போற வர்றவங்க சிப்பி சங்கு பவளத் துண்டு பொறுக்குறதையும் சேத்து சொல்லணும். செத்த பவளமா இருந்தாலும் எடுத்துட்டுப் போகக் கூடாது, பாறை கட்டுற பவளம் எல்லாமே வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது ரொம்பக் கடுமையான பாதுகாப்பு. ஏர்போர்ட்ல பைல மாட்டி அசிங்கப்படறது கெஸ்ட்டுதான், நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அசிங்கம் இல்ல.

தண்ணி விஷயம் கேக்கவே சங்கடமா இருக்கும், ஆனா கேக்கறேன். அந்தமான்ல வருஷத்துக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னைக்குப் பெய்யற மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல. ஆனாலும் சின்னத் தீவு, பெய்யறது வழிஞ்சு கடலுக்குப் போயிடும், கோடைல போர்ட் பிளேர்லயே தண்ணி முறை வச்சு விடுறாங்க. அப்ப ரூமுக்கு ரூம் பிளஞ்ச் பூல் வச்சிருக்கிற உங்களுக்கு எங்கருந்து வருது? 2011 கணக்குப்படி 6,000 பேருக்குக் கொஞ்சம் மேல இருக்கிற தீவு, முக்கால்வாசி 1950கள்ல கிழக்கு வங்காளத்துல இருந்து வந்து காட்ட வெட்டி நெல்லு போட்ட குடும்பங்க, அவங்க கிணத்துல மார்ச் ஏப்ரல்ல எவ்ளோ தண்ணி இருக்கு? அதே மாதிரி கக்கூஸ் தண்ணி எங்க போகுது? உறிஞ்சு குழி வெட்டி விட்டா போதும்னு நினைக்காதீங்க, கரையோர மண்ணு பூரா பவளத் தூளு, சல்லடை மாதிரி, மேல ஊத்தறது கீழ போயி அப்படியே கடல்ல கசியும். கசிஞ்சா பாசி வளரும், பாசி வளந்தா பவளத்த மூடும், அதே பவளத்த பாக்க நாளைக்கு ஒரு ஜோடிய போட்ல ஏத்தி அனுப்புவீங்க. உங்க ரூம்ல கிடைக்கிற அந்த லெதர் அட்டை ஃபைல்ல மசாஜ் ரேட்டு ரெண்டு பக்கம் இருக்கு. அதுல அரைப் பக்கம் இத எழுதுங்க, எங்க இருந்து தண்ணி எடுக்கறோம், சுத்திகரிப்பு இருக்கா இல்லையா, குப்பை எங்க போகுது. இல்லன்னா இல்லன்னே எழுதுங்க, அடுத்த வருஷம் வைக்கப் போறோம்னு எழுதுங்க, பரவால்ல, அத படிச்சுட்டு யாரும் ரூம கேன்சல் பண்ண மாட்டாங்க.

மறைக்கிறதுன்னு சொன்னா முதலைதான் ஞாபகம் வருது. உப்புத்தண்ணி முதலை அந்தமான்ல உண்டு, ஓடை கடல்ல சேர்ற இடம், அலையாத்திக் காடு, அங்கயெல்லாம் இருக்கும். 2010ல ராதாநகர் பக்கத்துல நீல்ஸ் கோவ்ல ஒரு அமெரிக்கப் பெண்ண முதலை பிடிச்சு இறந்தே போனாங்க. நாங்க தங்குன இடத்துல இதப் பத்தி மூச்சு விடல, நானே கேட்டப்ப, அதெல்லாம் இங்க கிடையாது மேடம், சும்மா கிளப்பி விடுறாங்கன்னு ஒரு பதில். அப்புறம் பீச்ல போர்டு இருக்கு! கெஸ்ட் பயந்துடுவாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க. காடு கடல்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க, காடுன்னா முதலையும் சேத்துதான. எந்த ஓடைக்குப் போகக் கூடாது, எந்த நேரத்துல இறங்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னா எங்களுக்கு உங்க மேல மரியாதைதான் கூடும்.

யானை கேக்கற கெஸ்ட் இன்னும் இருக்காங்களாமே. ராஜன்னு ஒரு யானை, மரம் இழுக்க இந்தத் தீவுகளுக்குக் கொண்டு வந்தது, கடல்ல நீந்தி உலகம் பூரா பேர் வாங்கி 2016ல கண்ண மூடிடுச்சு. அந்தமான்ல இயற்கையா யானையே கிடையாது, எல்லாம் மரம் வெட்ட வந்தது. ராஸ் தீவுல ஜோடி ஜோடியா செல்ஃபி எடுத்து பிஸ்கட் குடுக்கற புள்ளி மானும் வெள்ளைக்காரன் கொண்டு வந்து விட்டதுதான், அத அடிச்சுத் திங்க இங்க ஒரு மிருகமும் இல்ல, அதனால பெருகி காட்டோட கன்னுங்கள எல்லாம் மேஞ்சு தள்ளுது. அழகாத்தான் இருக்கு, நானும் ரசிச்சேன். ஆனா கைடு அத அந்தமானோட வனவிலங்குன்னு சொல்றப்ப பல்லக் கடிச்சுட்டு நின்னேன்.

ரொம்ப முக்கியமா ஒண்ணு, இதுல விளையாட்டே இல்ல. உங்க டிராவல் டெஸ்க்குல பாராடாங் சுண்ணாம்புக் குகை டூர்னு ஒண்ணு விக்கிறாங்க. எங்ககிட்ட அத வித்தவரு குகையப் பத்தி ஒரு வரிதான் சொன்னாரு, வழில ஜாரவா ஆளுங்கள, அதாவது அந்தக் காட்டுல வாழற பழங்குடிங்கள, பாக்கலாம் சார், சான்ஸ் இருக்குன்னு மீதி நேரம் பூரா அதான் பேச்சு. மனுஷங்கங்க அவங்க! அந்த ரோடு ஜாரவா ஒதுக்கப்பட்ட காட்டுக்குள்ள போகுது, 2002லயே சுப்ரீம் கோர்ட் அந்தப் பகுதிய மூடச் சொல்லிடுச்சு, டூரிஸ்ட்டுங்களுக்காக ஜாரவா பெண்கள ஆட வச்சு எடுத்து 2012ல வெளிய வந்த வீடியோவ பாத்து நாடே தலை குனிஞ்சுது, 2013ல கொஞ்ச நாள் டூரிஸ்ட் வண்டிய கோர்ட்டே நிறுத்துச்சு. அதுக்கப்புறமும் வரிசைல வண்டி போகுது, கல்யாணம் முடிஞ்ச கையோட நம்ம ஆளுங்க ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறாங்க. நாங்க போகல. உங்க டெஸ்க்குல அந்த டூர எடுத்துடுங்கன்னு கேட்டுக்கறேன், எடுக்க முடியலன்னா அட்லீஸ்ட் அந்த ஒரு வாக்கியத்த சொல்லி விக்கிற ஆள அந்த சீட்ல வைக்காதீங்க.

சாப்பாட்டுல ஒரே ஒரு வேண்டுகோள். பவளத்துல வாழற மீன மெனுல இருந்து எடுத்துடுங்க. கிளி மூக்கு மாதிரி வாய் வச்சிருக்கே பேரட் ஃபிஷ், அது பவளத்த கொறிச்சு மணலா வெளிய விடுது, பவளத்து மேல படர்ற பாசிய சுத்தம் பண்றதும் அதான், உங்க பிரவுச்சர்ல அட்டைப்படமா இருக்கிற அந்த வெள்ளை மணல்ல அதுக்கும் பங்கு இருக்கு. சூரை மீன் அந்தமான் கடல்ல தாராளமா கிடைக்குது. அந்தத் தம்பி செஞ்ச சூரை மீன் குழம்பு ஸ்டாஃப் மெஸ்ல மட்டும்தான் இருக்கு, கெஸ்ட்டுக்கு கிடையாதாம், எங்களுக்கு வெண்ணெய்ல பொரிச்ச எதையோ குடுத்தீங்க.

நீங்க ஒரு பதில் வச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். மேடம், நாங்க என்ன பண்றது, ஜோடிங்கதான் பூ கேக்குறாங்க, பலூன் கேக்குறாங்க, டெக்கரேஷன் இல்லன்னா ரேட்டிங்ல ஒரு ஸ்டார் குறைக்கிறாங்கன்னு. உண்மைதான், எங்க ரூம் பக்கத்துல ஒருத்தங்க கேக்குல பேர் தப்பா எழுதிட்டாங்கன்னு அழுதே அழுதாங்க. ஆனா அவங்க ஏன் அத கேக்குறாங்க? தி.நகர்ல உக்காந்து டிராவல் ஏஜென்ட் வாட்ஸப்ல அனுப்புற லிஸ்ட்ல அது மட்டும்தான் இருக்கு. வேற ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா கேப்பாங்க. டைம் பத்திரிகை 2004ல ராதாநகர ஆசியாவிலேயே சிறந்த பீச்னு எழுதுச்சு, 2020ல சுத்தமான பீச்சுக்குக் குடுக்கற ப்ளூ ஃப்ளாக் கிடைச்சுது, இந்த ரெண்டையும் எல்லா பிரவுச்சர்லயும் போட்டிருக்கீங்க. அத வாங்கிக் குடுத்தது கரையும் தண்ணியும் காடும்தான், தென்னை மரத்து எல்இடி இல்ல.

அதனால அடுத்த சீசனுக்கு பேக்கேஜ் போடும்போது எங்க ரெண்டு பேர் மாதிரி ஆளுங்களுக்கு இப்படி ஒண்ணு போட்டுப் பாருங்க. இருட்டு ராத்திரில கரையோரம் ஒரு நடை, வத்தத்துல ஒரு நடை, ரெண்டுக்கும் உள்ளூர் ஆள், அவருக்கு தனி சம்பளம். கூட்டமில்லாத இடத்துல தொடாம நிக்காம ஒரு ஸ்நார்கெல். சூரை மீன் குழம்பு, சோறு, அப்பளம். ரூம்ல ஒரு பூ கூட வேணாம். அதுக்கு பூ பேக்கேஜ் ரேட்டையே வாங்கிக்கங்க, ஆயிரம் ரெண்டாயிரம் கூட வாங்கினாலும் குடுப்போம். எங்க செட்டுல இந்த தை மாசம் மட்டும் மூணு கல்யாணம் இருக்கு, மூணு பேருமே அந்தமான்தான் பேசிட்டு இருக்காங்க, எங்க தங்கலாம்னு என்னத்தான் கேக்குறாங்க. உங்கள்ல யாரு முதல்ல பீச் லைட்ட அணைச்சுட்டு சொல்றீங்களோ அவங்க பேர குடுத்துடறேன்.